பெட்டியில் ஆமைக்கு இடமில்லை

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள் என்பதால் கார்டு விளையாடும் கூட்டத்தில் அவளுக்குப் பெயரே ‘எக்ஸ்ரே’தான். புதுக் கார்டு எது வந்தாலும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒரு தரம் படிப்பாள். தேறுமா தேறாதா என்று பட்டென்று சொல்லிவிடுவாள். பெரும்பாலும் அவள் சொன்னதுதான் நடக்கும். அது அவளுக்கும் நன்றாகவே தெரியும்!

அவள் அலமாரியில் ஒரு பெட்டி. அதில் பார்த்துப் பார்த்துச் சேர்த்த முந்நூற்று அறுபது கார்டுகள், மிருகங்களும் மந்திரங்களுமாக. ஞாயிறு மதியம் எட்டுப் பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஆளுக்குப் பதினைந்து கார்டு. ஒன்றை எடுத்துக்கொண்டு மீதியைப் பக்கத்து ஆளிடம் தள்ள வேண்டும். தீர்ந்ததும் அடுத்த பதினைந்து. இப்படி மூன்று சுற்று முடிந்ததும், எடுத்த கார்டுகளை வைத்து மோதல். எட்டில் ஒரு ஆள் குறைந்தாலும் ஆட்டம் உப்புச்சப்பில்லாமல் போய்விடும்.

கம்பெனி புதுக் கார்டுகளை வெளியிட்டால் எக்ஸ்ரேக்கு வேலை. ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே போயாக வேண்டும். அவள் கேட்பது ஒரே கேள்வி: தோற்றுக்கொண்டிருக்கும்போது இது கைக்கு வந்தால் என்ன கிழிக்கும்? ஜெயிக்கிறவன் கையில் எந்தக் கார்டும் ஜொலிக்கத்தானே செய்யும்!

இந்த முறை இருநூற்றுச் சொச்சத்தில் தேறியது ஒரு முள்ளம்பன்றிதான். அதற்காகப் போக வேண்டியது கல் ஆமை. அடி தாங்கும், திருப்பி அடிக்காது, மகா சோம்பேறி. எப்போதோ தூக்கியிருக்கலாம். ஆனால் தையல் கடை வைத்திருக்கும் நாத்தனார் வாராவாரம் அதைத்தான் எடுப்பார். எட்டாவது ஆளாகக் கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்தவர் ஆயிற்றே! அவருக்காகவே இரண்டு வருடம் ஆமை பிழைத்துக் கிடந்தது.

“ஆமையைத் தூக்கினா அக்கா வரமாட்டா, பாத்துக்கோ,” என்றான் கணவன்.

“கார்டுக்கெல்லாம் முகதாட்சண்யம் பாக்க முடியாதுங்க,” என்று எடுத்தே விட்டாள். ஆமையை அலமாரி ஓரத்தில் தனியாக வைத்தாள்.

ஞாயிறன்று நாத்தனார் மூன்று சுற்றும் எதையோ தேடித் தேடிப் பார்த்தார். முள்ளம்பன்றி வந்தது. படித்தார், வைத்துக்கொண்டார். கடைசி மோதல் அவருக்கும் எக்ஸ்ரேக்கும். தோற்கிற நேரத்தில் முள்ளம்பன்றியை இறக்கினார் பாருங்கள், எக்ஸ்ரேயின் செல்லமான வெள்ளிக் கழுகு ஒன்றும் செய்ய முடியாமல் நின்றது. ஆட்டம் முடிந்தது.

“அண்ணி, ஆமையை எடுத்துட்டேன். கோவமா?”

“எடுத்துட்டியா? அப்பாடா! இன்னைக்கும் வந்துடுமோன்னு பயந்துக்கிட்டே தேடினேன். யாரும் சீண்டாத கார்டு. நீ ஆசையா வச்சிருக்கியே, பாவம்னு நானே எடுத்துக்குவேன். அதை வச்சு என்னைக்காவது ஜெயிச்சிருக்கேனா?”

மேசையே சிரித்தது. கணவன் சிரிப்புதான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. எக்ஸ்ரேக்கு மானம் போனாலும் உயிர் வந்தது.

“அப்போ அடுத்த வாரம் வருவீங்கல்ல?”

“வராம என்ன? தூக்க வேண்டியது இன்னும் ஆறு இருக்கு. எழுதியே கொண்டு வந்திருக்கேன்,” என்று அளவு எழுதும் நோட்டிலிருந்து கிழித்த தாளை நீட்டினார்.

எக்ஸ்ரே அதை வெளிச்சத்தில் பிடித்தாள். முதல் பெயரே வெள்ளிக் கழுகு.

“அண்ணி, இது என்...”

“தோத்துக்கிட்டிருந்தப்போ அது என்ன கிழிச்சுது?”

எக்ஸ்ரே கழுகை எடுத்து ஆமைக்குப் பக்கத்தில் வைத்தாள்.