காரணம் சொல்லும் தீனதயாளன்

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் யார் படுக்கையில் விழுந்தாலும் முதலில் வருவது வலி. அடுத்து வருபவர் தீனதயாளன். கரண்ட் ரீடிங் எடுத்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் அடுத்தவர் வீட்டுக்குள் கூச்சமில்லாமல் நுழைந்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்காமலே வெளியேறிய அனுபவம், சர்ச் சபையின் நோயாளி சந்திப்புக்குப் பெரிதும் கைகொடுத்தது. ஒரு பிஸ்கட் பாக்கெட், இருபது நிமிட ஜெபம். அதற்கு முன் நோய்க்குக் காரணம் சொல்வார். காரணம் இல்லாத நோய் அவருக்குப் பிடிக்காது. பொன்னுரங்கத்தின் சிறுநீரகக் கல், ஞாயிறு ஆராதனைக்கு லேட்டாக வந்ததால் விளைந்தது. கரியாலூர் சின்னப்பொண்ணு வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தபோது, எங்கோ ஒரு மறைவான பாவம் இருக்கும், யோசித்துப் பார் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அந்த அம்மாள் இரண்டு வருடமாக யோசித்துக்கொண்டிருந்தார்.

சென்ற ஆண்டு கரியாலூர் மலையிலிருந்து இறங்கும்போது, கொண்டை ஊசி வளைவில் பைக் சறுக்கித் தீனதயாளனின் கால் முறிந்தது. சபை மொத்தமும் ஆறுதல் சொல்லத் திரண்டது. பொன்னுரங்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஆண்டவர் காரணமில்லாம அடிக்க மாட்டாருங்க. இன்னா பண்ணீங்க?"

முகத்தில் பரிவு இருந்தது. கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது.

அன்றோடு தீனதயாளனுக்கு ஜெபம் நின்றுபோனது. கண்ணை மூடினால் தாம் செய்த தப்புகளின் பட்டியல்தான் வந்தது, ஆண்டவர் வரவில்லை. வெளியே சொன்னால் மானம் போகும். பயந்துபோய் பைபிளில் யோபுவின் கதையை எடுத்தார். நல்லவர் ஒருவர் பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து, உடம்பெல்லாம் புண்ணாகிச் சாம்பலில் உட்காரும் கதை. இதுவரை அவர் படித்தது முதல் பக்கமும், இழந்ததெல்லாம் இரட்டிப்பாகத் திரும்பும் கடைசிப் பத்தியும்தான். நடுவில் பேச்சு ஜாஸ்தி என்று விட்டிருந்தார். இப்போது காலில் கட்டு, தப்பிக்க வழியில்லை. நடுவில் யோபுவின் நண்பர்கள் வருகிறார்கள். ஏழு நாள் வாய் திறக்காமல் அவரோடு உட்கார்கிறார்கள், அதுவரை சரி. பிறகு காரணம் சொல்ல ஆரம்பிக்கிறார்கள். ஆண்டவரோ காரணமே சொல்வதில்லை, கேள்விகளாகக் கேட்கிறார். கடைசியில் அவர் கோபம் மூள்வது அந்த நண்பர்கள் மேல்.

வேர்த்துப்போய் மனைவி பச்சையம்மாளிடம் வாசித்துக் காட்டினார்.

"பரவால்ல, உங்க பேரப் போடாம வுட்டாங்களே" என்றார் அவர்.

கட்டுப் பிரித்ததும் தீனதயாளன் ஊன்றுகோலோடு கரியாலூர் பஸ் ஏறினார். சின்னப்பொண்ணின் கட்டிலருகே உட்கார்ந்து, கால் மணி நேரம் வாயே திறக்கவில்லை. அந்த அம்மாள் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"இன்னாய்யா, பேசாம குந்திகினு இருக்கீங்க? டாக்டரு எதனா சொல்லி அனுப்பிச்சாரா?"

"இல்லம்மா. அன்னிக்கு நான் சொன்னது தப்பு. நீ எந்தப் பாவத்தையும் தேட வேணாம்." கொஞ்சம் தயங்கினார். "வலிக்குதா?"

இத்தனை வருட ஊழியத்தில் அவர் ஒரு நோயாளியிடம் கேட்ட முதல் கேள்வி. பதில் இரண்டு மணி நேரம் ஓடியது. இடுப்பில் தொடங்கி, மருமகள் வழியாக, செத்துப்போன ஆடு வரைக்கும் போய் அழுகையில் நின்றது. பிறகு சின்னப்பொண்ணு ஜெபம் பண்ணச் சொன்னார். தீனதயாளன் பயந்தபடியே கண்ணை மூடினார். பட்டியல் வரவில்லை.

"ஆண்டவரே, இந்தம்மாவுக்கு ரொம்ப வலிக்குது. ஏன்னு எனக்குத் தெரியல. கூட இருங்க. ஆமென்."

சின்னப்பொண்ணு ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாம்மா. இதுவே மூணு மாசம் கழிச்சு இப்பதான் வந்துது."