ரெண்டு மணிச் சங்கு

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள். பேய் என்று யாராவது சொன்னால் முகத்துக்கு நேரே சிரிக்கிற நர்ஸ் நான். ஆனால் அந்தச் சங்கை இந்தக் காதால் கேட்டேன்.

2002. தேயிலை விலை படுத்துக் கிடந்த வருஷம். குன்னூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. மத்தியானம் மூன்றரைக்கு எஸ்டேட் தொழிலாளி பரமசிவனை ஜீப்பில் கொண்டுவந்தார்கள். வாய் கோணியிருந்தது. பேச்சு இல்லை. வலது கை செத்துக் கிடந்தது.

“எப்ப விழுந்தாரு?” என்று டாக்டர் கேட்டார்.

“சாப்பாட்டுக்கு ஊட்டுக்கு வந்தேனுங்க. உக்காந்திருந்தவரு, ரெண்டு மணிச் சங்கு ஊதவும் சாஞ்சுட்டாரு,” என்றார் மனைவி சின்னம்மை.

எஸ்டேட்காரர்களுக்குக் கடிகாரமே ஃபேக்டரி சங்குதான். நாங்களும் அதற்கு மேல் கேட்கவில்லை. மூளையில் ரத்தம் அடைத்திருந்தது. அடைப்பைக் கரைக்கிற ஊசியை மூன்று மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். பிந்தினால் மூளைக்குள்ளேயே ரத்தம் கசியும். டாக்டர் ஸ்கேன், பிரஷர், சர்க்கரை எல்லாம் பார்த்தார்.

“கசியாது. போடுங்க சிஸ்டர்.”

நாலே காலுக்கு மருந்து ஏறத் தொடங்கியது.

நாலரை... அந்த வலது கை மெல்ல எழுந்தது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “பாருங்கம்மா, கை வந்துருச்சு.”

கை தலைக்கு மேலே போனது. விரல்கள் எதையோ பிடித்தன. கீழே இழுத்தன.

ஊ... ஊ... ஊ...

சங்கு. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

சின்னம்மையின் முகம் வெளுத்துவிட்டது.

“சிஸ்டர்... எங்க ஃபேக்டரிய மூடிப் பத்து மாசமாச்சுங்க. மத்தியானம் அது எனக்கு நெனப்பே வரலீங்க.”

ரெண்டு மணிக் கணக்கே பொய். மருந்தை நிறுத்தப் பாய்ந்தேன்.

பரமசிவன் இடது கையால் தலையைப் பிடித்தார். வாந்தி.

மூளைக்குள் ரத்தம்.

இருட்டும் முன்னே போய்விட்டார்.

மறுநாள் உடலை வாங்க, பக்கத்து வீட்டு ரேணுகா சின்னம்மையோடு வந்தாள்.

“காலையிலயே அண்ணனுக்கு வாய் ஒரு மாதிரி கோணித்தான் இருந்துச்சுங்க சிஸ்டர். குளிருக்குன்னு நெனச்சுட்டேன்.”

அப்படியானால் ஊசி பல மணி நேரம் பிந்திப் போயிருக்கிறது. சங்கை நம்பி நாங்களே அதைப் போட்டோம்.

“அந்தச் சங்கு இப்ப எங்க இருக்கு?”

“அதக் கழட்டிப் பழைய இரும்புக்கு வித்துட்டாங்களே. இருபது வருசமா அத ஊதுனதே அண்ணன்தானுங்க.”

“எப்படி ஊதுவாரு?”

ரேணுகா வலது கையைத் தலைக்கு மேலே தூக்கினாள். விரல்களை மூடினாள். கீழே இழுத்துக் காட்டினாள்.