ஏரியலில் கட்டிய மாலை

என் மகள் எதையாவது கீழே போட்டு உடைத்தால், சத்தம் வந்த இடத்துக்கு நான் ஓடுவதற்கு முன்பே எனக்குப் பயம் வந்துவிடும். உடைந்தது வெறும் பீங்கான் கிண்ணம் என்று தெரிந்த பிறகும் அது அடங்க நேரமாகும். இது எங்கே தொடங்கியது என்று யோசித்தால், சிறுவயதில் மார்சிலிங்கில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்குக்குக் கீழே நின்ற அந்த ஜீப்தான் நினைவுக்கு வருகிறது. அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்லவும் எனக்குத் தைரியமில்லை.

ஜீப் எங்களுடையது அல்ல. அப்பா ஒரு சீன முதலாளிக்கு வண்டி ஓட்டினார். வீட்டில் அந்த முதலாளியைத் தவுக்கே என்றே சொல்வோம். அவரை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் எங்கள் வீட்டில் அவருக்கு நல்ல செல்வாக்கு இருந்தது. அப்பாவுக்கு முன் ஓட்டியவரைக் கதவில் விழுந்த ஒரு கீறலுக்காக அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டாராம். அந்தக் கீறல் எவ்வளவு நீளம் என்று அப்பா ஒருமுறை அம்மாவுக்கு விரலால் காட்டினார். என் பென்சிலைவிடச் சின்னது.

பழைய ஜீப்தான் என்றாலும் அதில் ஓர் அதிசயம் இருந்தது. ரேடியோவைப் போட்டால் முன்சக்கரத்துக்கு மேலிருந்த துளையிலிருந்து ஏரியல் கம்பி தானாக எழும்பும். நிறுத்தினால் தானாக உள்ளே இறங்கிவிடும். தவுக்கே காலையில் ஏறியதும் முதல் வேலையாக ரேடியோவைப் போட்டுச் சீனக் கதை கேட்பார். கதை முடியும்வரை அப்பா வாய் திறக்கக் கூடாது.

ஆயுதபூஜைக்கு ஜீப்பை வீட்டுக்குக் கொண்டுவர அவர் அனுமதித்திருந்தார். போன வருஷம் மாலையை முன்பக்க பம்பரில் கட்டினோம். இந்த வருஷம் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது, ஏரியல் நிமிர்ந்து நின்றது. அம்மா மாலையை அதன் உச்சியில் கட்டினார். மேல் மாடியிலிருந்து பார்ப்பவர்களுக்கும் தெரியட்டும் என்று நினைத்திருக்கலாம். சூடம் காட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். அப்பா அதை நசுக்கி ஓட்டி, வண்டியை நிறுத்தி, சாவியைத் திருப்பினார். ரேடியோவும் நின்றது.

கம்பி மாலையோடு கீழே இறங்கியது. பூக்கள் துளையின் வாயில் நசுங்கின, நூல் உள்ளே போயிற்று. கரகரவென்று ஒரு சத்தம், பிறகு ஏதோ அறுந்த சத்தம். கம்பி பாதியில் வளைந்து நின்றுவிட்டது.

"சாமி மாலைய ஜீப்பு முழுங்கிருச்சுலா!" என்றார் மாமா. அம்மாவின் தம்பி, கப்பல் பட்டறையில் வேலை. அவருடைய பேச்சுக்கு எப்போதும் சிரிக்கும் நாங்கள் யாரும் சிரிக்கவில்லை.

அம்மா அப்பாவின் பக்கத்தில் வந்து நின்றார். "நாந்தானேங்க கட்டுனேன். நானே வந்து தவுக்கேகிட்ட சொல்லிடவா?"

"நீ சும்மா இரு," என்றார் அப்பா. திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது. துளையில் ஒட்டிய இதழ்களை அவர் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஞாயிறு. நால்வரும் அதே ஜீப்பில், பழைய சாமான் விற்கும் சுங்கை ரோட்டுக்குப் போனோம். வழக்கமாக அந்தப் பக்கம் போனால் தேக்காவில் இறங்கித் தோசை சாப்பிடுவோம். அன்று தேக்காவைத் தாண்டி நேரே போய்விட்டோம். பழைய சாமான் கடைகளில் தேடித் தேடி, கடைசியில் ஒரு சீனக் கிழவர் குவியலுக்குள்ளிருந்து ஒரு கம்பியை உருவினார். அதன் அடியில் பல் வைத்த நைலான் கயிறு வால்போலத் தொங்கியது. "பாகுஸ்லா, பாகுஸ்!" என்று அவர் கட்டைவிரலைத் தூக்கியபோது, நல்ல சாமான் என்று சொல்கிறார் என நானும் நம்ப விரும்பினேன்.

கடைக்கு எதிரிலேயே வேலை தொடங்கியது. மாமா ஏரியலின் அடியிலிருந்த மரையைக் கழற்றினார். உள்ளே ரேடியோவை அழுத்த ஓர் ஆள் வேண்டும். அம்மாவை ஓட்டுநர் இருக்கையில் ஏற்றினார்கள். அம்மா அங்கே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இருக்கையின் விளிம்பில், தவுக்கேயின் மடியில் உட்கார்ந்ததுபோலக் கூசி உட்கார்ந்தார்.

"போடுக்கா!"

மோட்டார் சுற்றியது. பழைய கம்பி வெளியே வந்தது. பின்னாலேயே அறுந்த நைலானும், கறுத்துப்போன பூ நூலும். மாமா புதிய கயிற்றைத் துளைக்குள் விட்டார். "இப்ப நிறுத்து!" மோட்டார் சும்மா சுற்றி ஓய்ந்தது. கயிறு அசையவில்லை.

அப்பா நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார். அவர் அப்படி உட்கார்ந்ததைப் பார்த்ததும், நாங்கள் வீட்டைக் காலி செய்வதுவரை நான் மனத்தில் நடத்தி முடித்துவிட்டேன்.

"பல்லு திரும்பி இருக்கு மச்சான். அவ்ளோதான்," என்று மாமா கயிற்றைத் திருப்பி விட்டார். அம்மா மறுபடி போட்டு, மறுபடி நிறுத்தினார். இம்முறை கயிறு பிடித்துக்கொண்டது. கம்பி சரசரவென்று உள்ளே இறங்கியது. அம்மா ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து சந்தனம், குங்குமம், ஒட்டியிருந்த இதழ் எல்லாவற்றையும் அப்பா துடைத்தெடுத்தார். பூஜை நடந்த சுவடே இல்லை.

திங்கட்கிழமை மத்தியானம் பள்ளி விட்டு வந்தபோது ஜீப் புளோக்குக்குக் கீழே நின்றது. அந்த நேரத்தில் அது அங்கே நிற்கக் கூடாது. அப்பா வண்டிக்குப் பக்கத்தில் கையில் ஒரு புது மாலையுடன் நின்றார். அம்மா மாடியிலிருந்து செருப்பில்லாமல் இறங்கி வந்தார்.

"கண்டுபிடிச்சிட்டாரா?"

"ஏரியலப் பாக்கவே இல்ல. 'போன வருஷம் பூ போட்டே, வியாபாரம் நல்லா ஓடுச்சு. இந்த வருஷம் பூ எங்கே?'ன்னு கேக்குறாரு. போய்ப் போட்டுக்கிட்டு வான்னு அனுப்பிட்டாரு. இனி வருஷா வருஷம் போடணுமாம்."

அம்மா அங்கேயே படியில் உட்கார்ந்து சிரித்தார். நானும் சிரித்தேன். பயம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

அப்பா சிரிக்கவில்லை. பம்பரில் மாலையைக் கட்டினார். அவிழ்த்து மறுபடி கட்டினார். முடிச்சை இழுத்துப் பார்த்தார். பிறகு, "இந்த வருஷம் வியாபாரம் ஓடலன்னா?" என்று அம்மாவிடம் கேட்டார்.

வேடிக்கையாகக் கேட்கிறார் என்று எண்ணி நான் இன்னும் பலமாகச் சிரித்தேன்.