மூன்றடி ஓட்டம்

எழுபதுகளில், நான் புலம்பெயர்ந்து வந்த செவன் ஹில்ஸில் பெயின்ட் டின் செய்யும் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்தவர் அவர். நெடுநெடுவென்ற உயரம். தேநீர் இடைவேளையில் ஆப்பிளைக் காற்சட்டையின் வலப்பக்கத்தில் மாத்திரம் தேய்த்து மினுக்கிவிட்டுத்தான் கடிப்பார். கரீபியன் தீவொன்றின் அணிக்கு நாலு வருஷம் வேகப்பந்து போட்டவராம். மேற்கிந்திய அணி அவரைக் கடைசிவரை கூப்பிடவேயில்லை.

"தீவுக்கு மட்டுந்தானா? நான் இலங்கைக்கே ஆடினனான்" என்றேன். கிரிக்கெட் மட்டையை நான் தொட்டதுகூட இல்லை.

தொழிற்சாலைப் பிக்னிக்கில் என்னையும் ஆட இறக்கிவிட்டார்கள். தூரத்திலிருந்து ஓடிவரத் தயாராக நின்றவர், மட்டையைப் பிடித்திருந்த என் கைகளைப் பார்த்தார். பிறகு கிட்ட நடந்து வந்து, மூன்றே அடி ஓடி, பந்தை மெல்ல விட்டார். கண்ணை மூடிக்கொண்டு மட்டையை வீசினேன். நாலு ஓட்டம். எல்லாரும் கைதட்டினார்கள். அவர் என்னருகே வந்து, "மட்டை பிடிக்கேக்கை இடக்கை மேலே வரவேணும்" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

திங்கட்கிழமை ஆப்பிளைத் தேய்த்தபடி மற்றவர்களிடம் பெருமையாகச் சொன்னார்:

"என்ரை பந்தை அடிச்சது ஆரெண்டு நினைச்சியள்? இலங்கைக்கு ஆடின ஆள்!"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அப்போதாவது மறுத்திருக்கலாம். ஓம் என்று தலையாட்டினேன்.