கட்டைவிரலை ஆட்டச் சொன்னவன்

இரண்டு வருஷமாக என் மூத்திரத்தைப் பற்றி நான் வாய் திறந்து பேசிய ஒரே ஆள் அவன்தான். பெண்டாட்டியிடம் சொல்லவில்லை. கட்டிக்கொடுத்த மகளிடம் சொல்கிற விஷயமா இது? அவனிடம் சொன்னேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே கம்பெனியின் டூல் ரூமில் இருபத்தெட்டு வருஷம் பக்கத்துப் பக்கத்து மேஜையில் நின்று வேலை பார்த்தவர்கள் நாங்கள். ரிடையர் ஆன பிறகு அயனம்பாக்கத்தில் அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு தெரு. தினமும் காலையில் ஏரிக்கரையில் சேர்ந்து நடப்போம். அந்த நடையில் நாங்கள் பேசாத பேச்சு கிடையாது என்றுதான் நினைத்திருந்தேன்.

முதல் தடவை இப்படித்தான் சொன்னேன். "மச்சான், ஒண்ணுக்குப் போனா நின்னு நின்னு வருதுடா. போய்ட்டு வந்து ஒக்காந்தா மறுபடியும் போவணும் போல கீது."

அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நடந்தான். "வயசாச்சில்ல. எல்லாருக்கும் வர்றதுதான். வாழைத்தண்டு ஜூஸ் குடி."

மறுநாள் அவனே ஒரு தண்டை வாங்கி வந்து கொடுத்தான். குடித்தேன். ஆறு மாதம் கழித்து, சொட்டுச் சொட்டாகத்தான் போகிறது என்றேன். சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரைக் குறைத்துக்கொள் என்றான். அப்புறம் பார்லிக் கஞ்சி. அப்புறம் நெருஞ்சில் கஷாயம். அதற்காகப் பூந்தமல்லியில் ஒரு நாட்டு மருந்துக் கடைக்கு அவனே என்னை வண்டியில் உட்கார வைத்துக் கூட்டிப்போனான். டாக்டரிடம் போகட்டுமா என்று நான் ஒரு தடவை இல்லை, மூன்று தடவை கேட்டிருக்கிறேன். "போனா கத்தியைத் தூக்குவான், டியூப்பைச் சொருவுவான். சும்மா இரு மாமே" என்றான். சும்மா இருந்தேன். டூல் ரூமில் அவன் சரி என்று சொன்ன டை அச்சை நான் மறுபடி அளந்து பார்த்ததே இல்லை. அந்தப் பழக்கம்தான்.

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சுத்தமாக நின்றுவிட்டது. பத்து மணிக்கெல்லாம் அடிவயிறு கல் மாதிரி ஆகிவிட்டது. பாத்ரூம் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நான் போட்ட சத்தத்தில்தான் என் பெண்டாட்டிக்கு விஷயமே தெரிந்தது. வானகரம் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் டியூப் போட்டு மூத்திரத்தை எடுத்தார்கள். வந்து கொண்டே இருந்தது. உயிர் திரும்பி வந்ததுபோல் இருந்தது, அழுதுவிட்டேன்.

டியூப்பும் பையுமாகப் பத்து நாள் போயிற்று. பிறகு டியூப்பை எடுத்துப் பார்த்தார்கள். ஒரு சொட்டு வரவில்லை. என்னென்னவோ டெஸ்ட் எடுத்தார்கள். டாக்டர் படத்தைத் திருப்பிக் காட்டிச் சொன்னார்: "புரோஸ்டேட் வீங்கி வழியை அடைச்சிருக்கு. அடைப்போட ரெண்டு வருஷம் ஓட்டியிருக்கீங்க. மூத்திரப்பை இழுபட்டு இழுபட்டுத் தளர்ந்துபோச்சு. இப்ப அடைப்பை எடுத்தாலும் அது சுருங்கித் தள்ளுமான்னு சந்தேகம்தான். ஆரம்பத்துலயே வந்திருந்தா மாத்திரையில முடிஞ்சிருக்கும் சார். இவ்ளோ நாள் ஏன் விட்டீங்க?"

என் பெண்டாட்டி என்னைப் பார்த்தாள். "ரெண்டு வருசமா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?" என்று கேட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவனும் பார்க்க வந்தான். மாதுளம்பழம் வாங்கி வந்திருந்தான். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. கட்டிலில் தொங்கிய பையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். "எல்லாம் சரியாப் பூடும் மச்சான்" என்று சொல்லிவிட்டு ஐந்தே நிமிஷத்தில் கிளம்பிவிட்டான். மனசு தாங்காமல் போகிறான் என்று நினைத்துக்கொண்டேன். நானும் ஒரு மடையன்.

எனக்கு இரண்டே வழி வைத்தார்கள். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை நானே மெல்லிய டியூப் ஒன்றை உள்ளே விட்டு, காலி பண்ணிவிட்டு, வெளியே எடுத்துவிடுவது. அது கைவரவில்லை என்றால் தொடையில் பையைக் கட்டிக்கொண்டே மிச்ச காலத்தைத் தள்ளுவது. ஒரு வாரம் வீட்டில் பழகிப் பாருங்கள், பிறகு முடிவு பண்ணலாம் என்றார் டாக்டர். அந்த ஒரு வாரத்தில்தான் என் மானம் மரியாதை எல்லாம் இருந்தது.

கற்றுக்கொடுத்தது ஒரு நர்ஸம்மா. ஐம்பது வயதிருக்கும். நான் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "இன்னா சார் வெக்கம்? நான் பாக்காததா உங்களாண்ட கீது? எடுங்க கையை" என்றார். சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவு. முனையைத் துடை. ஜெல்லி தடவு. உறுப்பை வயிற்றுப் பக்கமாகத் தூக்கிப் பிடி. மெதுவாக விடு. எவ்வளவு உள்ளே போகும் என்று கேட்டேன். "ஒரு சாண், அதுக்கு மேல கொஞ்சம். தண்ணி வந்ததும் இன்னும் ரெண்டு விரக்கடை" என்றார். அவர் பக்கத்தில் நின்றபோது இரண்டு தடவை சரியாகவே போனது.

சாண் என்ற அளவெல்லாம் எனக்கு ஒத்துவராது. வீட்டுக்கு வந்ததும் என் பழைய ஸ்டீல் ஸ்கேலை எடுத்து, ஒரு டியூப்பைப் பிரித்து வைத்து, இருநூற்று நாற்பது மில்லிமீட்டரில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டேன். என் பெண்டாட்டி அதைப் பார்த்துவிட்டாள். "ஒடம்புக்குள்ள விடற சாமானத்துல மை தடவுவாங்களா? இதுவும் கம்பெனின்னு நெனச்சீங்களா?" என்று பிடுங்கிக் குப்பையில் போட்டாள். அவள் சொன்னது நியாயம்தான். ஆனாலும் கோடு இல்லாமல் ஒவ்வொரு தடவையும் குத்துமதிப்பாகத்தான் விட வேண்டியிருந்தது.

முதல் இரண்டு நாள் எப்படியோ தட்டுத் தடுமாறி ஒப்பேற்றினேன். மூன்றாம் நாள் மத்தியானம் டியூப் பாதி வழியில் முட்டிக்கொண்டது. முட்டினால் என்ன செய்வேன்? டூல் ரூமில் இருபத்தெட்டு வருஷமாக என்ன செய்தேனோ அதைத்தான் செய்தேன். துளையைச் சீவிப் பெரிசாக்க ரீமரை இறக்குவது மாதிரி அழுத்தித் திருகினேன். கண்ணில் பொறி பறந்தது. டியூப் முனையில் ரத்தம். இன்னொன்றை எடுத்தேன், அதுவும் போகவில்லை. அடிவயிறு உப்பிக்கொண்டு வந்தது. அவ்வளவுதான், இனி பைதான் என்று தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கதவுக்கு வெளியே நின்ற என் பெண்டாட்டி அவனுக்குப் போன் போட்டாள். அவனிடம் கார் இருக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவான் என்று. பத்து நிமிஷத்தில் வந்தான். நேராக பாத்ரூமுக்குள் வந்து கதவைச் சாத்தினான். ரத்தத்தைப் பார்த்தான்.

"ரொம்ப இல்ல. கொஞ்சந்தான். ஒரே ஒரு தபா பாப்போம். முட்டுச்சின்னா விட்ருவோம், வண்டி வாசல்லியே நிக்கிது" என்றான்.

பைப்பைத் திறந்து முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினான். என்னையும் கழுவச் சொன்னான். புது டியூப் உறை ஒன்றை எடுத்தான். அந்த உறையைப் பிரிக்க எனக்கு மூன்று நாளாகப் பல் தேவைப்பட்டது. அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதைப் பிரித்தான். உள்ளே இருப்பதைத் தொடாமல் உறையோடு நீட்டினான்.

"ஒக்காராத, நில்லு. ஒரு கையால மேல தூக்கிப் புடி, தொப்புளைப் பாத்து. இப்ப உடு. மெதுவா. முட்டுச்சா? அங்கியே நிறுத்து. தள்ளாத, திருகாத. மூச்சை உடு. லேசா இருமு."

இருமினேன். அசையவில்லை.

"சரி, டியூப்பை மறந்துடு. கால் கட்டைவிரலை ஆட்டு. ரெண்டு கால்லயும். ஆட்டிகினே இரு."

ஆட்டினேன். உள்ளே ஏதோ இளகிக் கொடுத்தது. டியூப் தானாக வழுக்கிக்கொண்டு போனது. வாளியில் சத்தம் கேட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். நின்றதும் உருவப் போனேன்.

"இரு. முழுசா உருவாத. ரெண்டு விரக்கடை மட்டும் இழு. இன்னொரு தபா வரும்."

வந்தது. அவன் சொன்ன இடத்தில், சொன்ன மாதிரியே வந்தது.

வயிற்று வலி இறங்க இறங்கத்தான் எனக்கு மண்டையில் ஏறியது. இரண்டு விரற்கடை இழுத்தால் மறுபடி வரும் என்று நர்ஸம்மா சொல்லவில்லை. கட்டைவிரலை ஆட்டு என்று யாருமே சொல்லவில்லை. புத்தகம் படித்துவிட்டு மெஷினைப் பற்றிப் பேசுகிறவன் பேச்சும், தினம் அந்த மெஷினில் கை வைக்கிறவன் பேச்சும் எனக்குத் தெரியாதா? டூல் ரூமில் அதைக் கண்டுபிடிப்பதுதானே என் வேலையே.

"எத்தினி வருசமா?" என்று கேட்டேன்.

அவன் கையைக் கழுவிக்கொண்டே இருந்தான். "நாலு" என்றான்.

நாலு வருஷம். குடலிறக்கம் என்று சொல்லி ஒரு மாதம் நடைக்கு வராமல் இருந்தானே, அதிலிருந்து. திருப்பதிக்குப் போனபோது பாத்ரூமில் இருபது நிமிஷம் இருந்துவிட்டு மலச்சிக்கல் என்றானே, அதெல்லாம் இதுதான். தோளில் எப்போதும் ஒரு சின்ன ஜிப் பை. சுகர் மாத்திரை என்பான். தன்னிடம் டியூப்பை வைத்துக்கொண்டு எனக்கு வாழைத்தண்டு வாங்கிக் கொடுத்திருக்கிறான். கூடவே நடந்து கழுத்தை அறுத்திருக்கிறான்.

வேட்டியைக் கட்டிக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். அவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். என் பெண்டாட்டி காபி போடச் சமையலறைக்குள் போயிருந்தாள்.

"உன் ஊட்ல தெரியுமா?"

"அவளுக்குத் தெரியும்."

"நான் என் பொண்டாட்டியாண்ட சொல்லாதத உங்கிட்ட சொன்னேன். நீ உன் பொண்டாட்டியாண்ட சொன்னத எங்கிட்ட சொல்லலை. எனுக்கு வந்து கீறது அதுதான்னு உனுக்குத் தெரியாதாடா?"

"மொதல்ல வேற ஏதோன்னுதான் நெனச்சேன். சொட்டுச் சொட்டா போவுதுன்னு நீ சொன்ன பாரு, அப்ப தெரிஞ்சிபோச்சி."

"தெரிஞ்சும் கஷாயம் குடிக்க இட்டுகினு போன."

"டாக்டராண்ட போன்னு சொன்னா, உனுக்கு எப்டிரா தெரியும்னு கேப்ப. கேட்டா நான் சொல்லணும்."

"சொல்லக்கூடாதா? நான் யாரு உனுக்கு?"

அப்போதுதான் அவன் தலையைத் தூக்கினான். "நீ யாருன்னு தெரிஞ்சிதான் சொல்லலை. மெஷின் ஷாப்ல ஒர்த்தர் ஆபரேஷன் பண்ணிகினு, பையைக் கட்டிகினு வேலைக்கு வந்தாரே. ஞாபகம் கீதா? அவருக்குத் தண்ணி லாரின்னு பேர் வெச்சது யாரு? கேன்டீன்ல அவர் தட்டைத் தூக்கிகினு வந்தா, லோடு எங்க எறக்கணும்னு கேட்டது யாரு?"

எனக்கு ஞாபகம் இருந்தது. கேன்டீனே குலுங்கிச் சிரித்தது. எனக்கு வாய்க்கொழுப்பு உண்டு என்று கம்பெனி முழுக்கத் தெரியும், அதற்காகவே என் மேஜையில் உட்காரப் போட்டி நடக்கும். "நீயும்தானே சிரிச்ச" என்றேன்.

"சிரிச்சேன். அந்தாளு அதுக்கப்புறம் கேன்டீனுக்கே வர்ல. மெஷின் பக்கத்துலயே டிபன் பாக்ஸைத் தொறந்து நின்னுகினே சாப்ட்டாரு. ரிடையர் ஆவற வரைக்கும். அது உனுக்குத் தெரியுமா?"

தெரியாது. அவர் கேன்டீனுக்கு வருகிறாரா இல்லையா என்று நான் பார்த்ததே இல்லை.

காபி வந்தது. அவன் பாதி குடித்துவிட்டு எழுந்தான். "நாலு மணி நேரத்துக்கு ஒரு தபா. மறந்துடாத" என்று சொல்லிவிட்டுப் போனான்.

இப்போது எனக்குக் கை பழகிவிட்டது. பை இல்லை. முட்டினால் கட்டைவிரலை ஆட்டுகிறேன், ஒவ்வொரு தடவையும் அவன் முகம் வந்து நிற்கிறது, ஒவ்வொரு தடவையும் மனசுக்குள் திட்டுகிறேன். ஏரிக்கரையில் நான் காலையில் நடப்பதில்லை, சாயங்காலம் நடக்கிறேன். நீங்கள் செய்ததற்கு அவர் செய்தது சரியாகப் போச்சு, விட்டுத் தொலையுங்கள் என்கிறாள், அன்று சமையலறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்ட என் பெண்டாட்டி. எனக்குக் கணக்கு அப்படித் தீரவில்லை. என்னைப் பற்றி அவன் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. அவன் சொல்லியிருந்தால் நான் சிரித்துத்தான் இருப்பேன். பேரும் வைத்திருப்பேன். ஒரு வாரம் அவனை ஓட்டு ஓட்டென்று ஓட்டியிருப்பேன். அதற்கப்புறம் சட்டையை மாட்டிக்கொண்டு நேராக டாக்டரிடம் போயிருப்பேன்.