பட்டியலில் இல்லாத பெயர்

"இந்த ஃபோல்டரை ஸ்கேன் பண்ணாம விட்டுடும்மா, சீக்கிரம் ஆன் ஆகும்" என்று என் பழைய கம்ப்யூட்டரைப் பார்த்து மகள் சொல்லும்போதெல்லாம் நான் அவள் கையைத் தட்டிவிடுகிறேன். அவளுக்கு என்ன தெரியும்!

தொண்ணூறுகளின் நடுவில், தருமபுரியில் ஒரு சின்னக் காசநோய் ஆஸ்பத்திரியில், கம்ப்யூட்டரில் பெயர் பார்த்து மாத்திரை கொடுப்பது என் வேலை. காலையில் ஸ்விட்சைப் போட்டால், வைரஸ் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் துழாவிய பிறகுதான் அது வேலைக்கே வரும். அதற்குள் முதல் பஸ்ஸில் வந்தவர்கள் ஜன்னலுக்கு வெளியே இருமிக்கொண்டு நிற்பார்கள். "ஏம்மா, இது எழறதுக்குள்ள பாதிப் பேரு வூட்டுக்கே போயிருவாங்க போலிருக்கே" என்று டாக்டர் ஒருநாள் சலித்துக்கொண்டார். எனக்குச் சுருக்கென்றது. வைரஸ் சோதனையில் விட்டுவிட வேண்டியவற்றில் நோயாளிப் பட்டியலைச் சேர்த்தேன். டாக்டர் பெங்களூரிலிருந்து கொண்டுவரும் பிளாப்பியையும் சோதிக்காமல் விட்டேன். அவர் பிளாப்பிக்கு நோய் இருக்கிறதா என்று பார்ப்பது மரியாதையா? மறுநாளே கம்ப்யூட்டர் சட்டென்று எழுந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

சில வாரம் கழித்துச் சித்தேரி மலையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மாதாமாதம் வருகிறவர்தான். திரையில் அவர் பெயர் இல்லை. "பேரு இல்லீங்களே" என்றேன். "நல்லாப் பாத்தீங்களா, அம்மா?" இரண்டு தரம் பார்த்துவிட்டு, இல்லை என்றேன். கும்பிட்டுவிட்டுப் போனார். தெரிந்த முகத்தை விட்டுவிட்டுத் திரையை நம்பினேன், பாவி.

மறுநாள் காலை பட்டியலில் பாதி குப்பையாகிக் கிடந்தது. பிளாப்பி வழியாக வந்த வைரஸ். பழைய நோட்டைப் புரட்டினால், பெரியவருக்கு இன்னும் நான்கு மாத மாத்திரை பாக்கி. நடுவில் விட்டால் நோய் முன்பைவிட மோசமாகத் திரும்பும். அழுதுகொண்டே டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "மாத்திரையக் கொண்டுபோய்க் குடும்மா, அப்புறம் அழுவலாம்" என்றார்.

மாத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு மலைப் பஸ் ஏறினேன். வீட்டை விசாரித்துக்கொண்டு போனால், வாசலிலேயே கோழிக்குழம்பு வாசனை. பெரியவரின் மடியில் பேரக்குழந்தை. நோய் வந்ததிலிருந்து குழந்தையை அவர் பக்கத்தில் விட்டதே இல்லையாம், மருமகள் சொன்னாள்.

"வாங்கம்மா! பேர எடுத்துட்டீங்கல்ல, சீக்கு போயிருச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டேனுங்க. சாப்புட்டுட்டுத்தான் போகோணும்" என்று பெரியவர் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

பையிலிருந்த மாத்திரையை எடுக்க எனக்குக் கை வரவில்லை. முதலில் அவர் மடியிலிருந்து குழந்தையை வாங்கினேன்.