ஓரக்கல்லில் ஏறிய வாள்

ஜப்பானில் யாத்சுஷிரோ என்ற ஊரில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் ஒகாதா சுமியேவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். ஊருக்கு வெளியே கோரை வயல்களுக்கு நடுவில் இருக்கும் டிரைவிங் ஸ்கூலில் முப்பது வருஷமாக அவள் டீச்சர். கத்தமாட்டாள். ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் பக்கத்து பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு, ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி ஏற்ற இறக்கமே இல்லாமல் பேசுவாள். இதற்கு நாலு கத்து கத்தியிருக்கலாம் என்று தோன்றும்.

அந்த ஸ்கூலில் எல்லோருடைய மானத்தையும் வாங்குவது ஒரு ஒடுக்கமான பாதை. இரண்டு இடத்தில் சட்டென்று செங்கோணமாக ஒடியும். அங்கே ஓரக்கல்லில் சக்கரம் ஏறினால் குடி ஒன்றும் முழுகிவிடாது. உடனே நிறுத்தி, பின்னால் வந்து, வண்டியை நேராக்கிக்கொண்டு மறுபடி போகலாம். கொஞ்சம் மார்க்தான் குறையும். ஆனால் மனுஷ ஜாதி அப்படிச் செய்வதில்லை. ஏறியது தெரிந்ததும் வெட்கத்தில் ஆக்சிலேட்டரை மிதித்து, ஒன்றுமே நடக்காத முகத்தோடு கல்மேலேயே போகப் பார்க்கும். பரீட்சை அங்கேயே முடிந்தது.

"ஏறிடுச்சா? நிறுத்துங்க. வந்த வழியே பின்னாடி. நேராக்கிட்டு மறுபடி போங்க."

இதைச் சுமியேவின் குரலிலேயே சொல்லிக்காட்ட, மீன்கடைக்காரர் முதல் பல் டாக்டர் வரை ஊரில் எல்லோருக்கும் வரும்.

இப்படிப்பட்டவள் ஐம்பத்து மூன்று வயதில் வாள் வெட்டு கற்கப் போனாள். ஏன் என்று கேட்டவர்களிடம் தோள்வலிக்கு நல்லது என்றாள். உண்மை வேறு. முப்பது வருஷமாக அடுத்தவர்கள் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்து சலித்துப்போயிருந்தது. ஒரே ஒரு காரியத்தையாவது தன் கையால், தன் பொறுப்பில், ஆரம்பம் முதல் முடிவுவரை செய்ய வேண்டும் போலிருந்தது.

சொல்லிக்கொடுத்தவன் கியோத்தா நொபோரு. பாய்க் கடைக்காரன், அவளைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன். வீடுகளில் கழித்துப்போட்ட பழைய பாய்களைச் சுருட்டிக் கட்டி, ராத்திரி முழுக்க டிரம்மில் ஊறவைத்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் பக்கத்துக் கூடத்தில் மர முளையில் குத்தி நிறுத்துவான். அதைத்தான் வெட்ட வேண்டும். தோளிலிருந்து இடுப்புக்கு இறங்குகிற சாய்வில், ஒரே வீச்சு.

பலத்தால் வாள் வெட்டாது என்பது அவனுடைய முதல் பாடம். பிடியில் இறுக வேண்டியது இடது கைச் சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும்தான். வலது கை வழிகாட்ட மட்டுமே. அது முந்திக்கொண்டால் அலகு ஒரு நூல் சாயும். சாய்ந்த அலகு பாய்க்குள் நின்றுவிடும். அடிக்கக் கூடாது, இழுத்துக்கொண்டே இறங்க வேண்டும். வெறுங்காற்றில் வீசும்போது மெல்லிய விசில் கேட்டால் அலகு நேராகப் போகிறது என்று அர்த்தம். ஆறு மாதத்தில் சுமியேவின் வாள் அழகாக விசிலடித்தது. ஆனால் எதிரே பாய்ச்சுருள் நின்றுவிட்டால் போதும், எதிரில் லாரி வந்ததைப் பார்த்த புது ஓட்டுநர் மாதிரி வலது கை பிடியை நெரித்துவிடும்.

வசந்தத்தில் ஒருநாள் வாள் சுருளின் பாதியில் நின்றது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுமியே பல்லைக் கடித்துக்கொண்டு பக்கவாட்டில் நெம்பி எடுத்தாள். வாள் வந்துவிட்டது, வளைந்து. எப்படித் திருப்பிப் பார்த்தும் உறைக்குள் போக மறுத்தது. கூடத்தில் இருந்தவர்கள் மரியாதையாகக் கூரையைப் பார்த்தார்கள். நொபோரு அதைத் துண்டில் சுற்றி, நிமிர்த்தக் கொடுத்து அனுப்பினான். அந்தக் கூடத்தில் பழகுகிறவர்களின் சங்கத்துக்கென்று இருந்த வாள் அது ஒன்றுதான். பாய்க்குள் சிக்கிய வாளைத் திருகினால் எந்த எஃகும் தாங்காது, நின்றுவிட்டால் போன கோட்டிலேயே திரும்பி வரவேண்டும் என்று மட்டும் சொன்னான்.

இதே நொபோரு திங்கட்கிழமைகளில் அவளுடைய மாணவன். கடை வேனை ஓட்டிக்கொண்டிருந்த அண்ணன் ஃபுகுவோகாவுக்குக் குடிபோவதால் நாற்பத்தொரு வயதில் லைசென்ஸ் தேவைப்பட்டது. ஞாயிறு அவன் வாத்தியார், திங்கள் இவள் டீச்சர். வாளைப் பூப்போலப் பிடிக்கிறவன் ஸ்டியரிங்கைக் கழுத்தைப் பிடிப்பதுபோல் பிடித்தான். இறுதிப் பரீட்சையில் இரண்டாவது முறையும் கல்மேல் ஏறி, ஏறியபடியே போய்த் தோற்று வந்தான்.

"ஏன் நிறுத்தல வாத்தியாரே?"

"பக்கத்துல பரீட்சை அதிகாரி உட்கார்ந்திருக்காரு டீச்சர். அவர் முன்னாடி பின்னால வர்றதுக்கு ஒரு மாதிரி இருந்துச்சு."

"தோத்துட்டு வர்றதுக்கு ஒரு மாதிரி இல்லையா?"

நொபோரு கண்ணாடியைச் சரிசெய்தான். "நீங்க மட்டும் அன்னைக்கு நல்லபடியா உருவினீங்களாக்கும்."

அன்று பாடம் முடியும்வரை காருக்குள் இண்டிகேட்டர் சத்தம் மட்டும்தான்.

நவம்பர் கோயில் திருவிழாவில் சங்கத்தார் ஆளுக்கொரு சுருள் வெட்டுவார்கள். இந்த முறை சுமியேவும் உண்டு என்று நொபோரு சொன்னபோது அவள் முகத்தில் ஈயாடவில்லை. வெட்டுவதற்கு வாள்? வளைந்தது இன்னும் வரவில்லை. நொபோரு தன்னுடைய வாளை நீட்டினான். பத்து வருஷம் பணம் சேர்த்து வாங்கியது. அவன் மனைவிகூட அதைத் தொட்டதில்லை. இதையும் வளைத்துவிட்டால் இனி இந்தக் கூடத்துப் படியேறுவதில்லை, வீட்டில் முள்ளங்கி வெட்டிக்கொண்டிருப்பேன் என்று சுமியே முடிவு செய்துகொண்டாள். முள்ளங்கியை நினைத்து உண்மையாகவே துக்கமாக இருந்தது.

திருவிழாவன்று நல்ல வெயில். கடுகு அடைத்த தாமரைக்கிழங்கைக் கடித்துக்கொண்டு ஊரே தடுப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றது. எந்த முகத்தைப் பார்த்தாலும் தன் காரில் உட்கார்ந்த முகம். சுமியே குனிந்து வணங்கி, வாளை உருவி, உயர்த்தி, வீசினாள். விசில் கேட்கவில்லை. 'தொப்' என்றது. வாள் சுருளில் முக்கால் பங்கு இறங்கி நின்றுவிட்டது.

ஈரக் கோரை வாசனை மூக்கில் ஏறியது. வலது கை தானாகவே இறுகியது. ஒரு நெம்பு நெம்பினால் மிச்சமும் அறுந்து விழும், பாதிப் பேருக்குத் தெரியக்கூடத் தெரியாது. தோள் பக்கவாட்டில் திரும்பத் தொடங்கியது.

அப்போது ஓரத்தில் நின்றிருந்த நொபோரு, முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லாமல், ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி சொன்னான்:

"ஏறிடுச்சா? நிறுத்துங்க. வந்த வழியே பின்னாடி."

கயிற்றுக்கு அந்தப் பக்கம் மீன்கடைக்காரர் ஆரம்பித்தார், பல் டாக்டர் சேர்ந்துகொண்டார், மொத்தக் கூட்டமும் விழுந்து விழுந்து சிரித்தது. முப்பது வருஷத்து வஞ்சம் அது. சுமியேவுக்குக் காதுவரை சூடேறியது. பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கும்போது பிடியை நெரிக்க முடியாது என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

வாளைப் போன கோட்டிலேயே மெல்லத் திரும்ப இழுத்தாள். வந்தது. அலகை வெயிலில் பார்த்தாள், நேராக இருந்தது. ஓரடி பின்வாங்கி, நின்று, மறுபடி உயர்த்தினாள். இந்த முறை விசில் மட்டும்தான் கேட்டது. சுருளின் மேல்பாதி, போகலாமா வேண்டாமா என்று யோசித்ததுபோல் கொஞ்சம் தயங்கிவிட்டு, சரிந்து விழுந்தது. பட்டிருக்காதோ என்று சுமியே ஒரு கணம் நினைத்தாள். கையில் எதுவுமே தெரியவில்லை. சந்தோஷத்தில் உறையிலிட மறந்து அப்படியே நின்றாள். பிறகு உறையில் இட்டாள். போனது.

வெட்டுப்பட்ட துண்டுகளை இருவரும் பொறுக்கும்போது நொபோரு மன்னிப்புக் கேட்டான்.

"மன்னிப்பு இருக்கட்டும் வாத்தியாரே. நாளைக்குக் காலையில பரீட்சையில நீங்க என்ன செய்றீங்கன்னு பார்க்கறேன்."

மறுநாள் சுமியே ஸ்கூல் மாடி ஜன்னலில் தேநீரோடு நின்றாள். நொபோரு ஓட்டிய வெள்ளைக் கார் ஒடுக்கமான பாதைக்குள் நுழைந்தது. முதல் வளைவு பரவாயில்லை. இரண்டாவதில் பின்சக்கரம் ஓரக்கல்லில் ஏறியது. வண்டி லேசாகச் சாய்ந்தது. உள்ளே பரீட்சை அதிகாரியின் தலை திரும்பியது. தன் காலடியில் இல்லாத பிரேக்கைச் சுமியே ஓங்கி மிதித்தாள்.

வண்டி நின்றது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு அதன் பின்புறத்தில், பின்னால் வருவதற்கான வெள்ளை விளக்கு எரிந்தது.